செல்லத்துரை ஓடிப்போகவில்லை

1

போன வாரம் எங்கள் தொழிற்சாலையில் ஒரு மென்பொருளுக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். கேன்டீனில் நான்கு மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு, பலூன் கட்டி, கேக் வைத்திருந்தார்கள். கேக்கின் மேல் நீலக் கிரீமில் ஒரு பஸ் வரைந்திருந்தது. மனிதவளப் பிரிவின் புவனா மைக்கைப் பிடித்து, இந்த ஓராண்டில் ஒரு செய்திகூடத் தொலையவில்லை என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். என் பங்குக்குக் காகிதத் தட்டில் பஸ்ஸின் பின்சக்கரம் வந்தது. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டியில் அதைத் தட்டோடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது என்ன பஸ் என்று சொல்லியாக வேண்டும். நான் வேலை செய்வது புக்கிட் தெங்காவில், பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில். அங்கே மனிதவளப் பிரிவுக்கு ஒரு மென்பொருள் உண்டு. வாசலில் அட்டை தட்டும் இடத்துக்கு இன்னொன்று. தொழிலாளர் ஹாஸ்டலுக்கு ஒன்று, கிளினிக்குக்கு ஒன்று, பெர்மிட் எடுத்துத் தரும் ஏஜெண்டிடம் ஒன்று. வெவ்வேறு வருஷத்தில் வெவ்வேறு ஆட்களிடம் வாங்கியவை. ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. இவற்றுக்கு நடுவில் போட்டிருக்கும் பாதைக்குப் பெயர்தான் எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ். ஹாஸ்டல் மென்பொருள் தன் செய்தியை அதில் ஏற்றிவிடும். பஸ் அதை மற்றவர்களுக்குப் புரியும்படி மாற்றி, யார் யாருக்குப் போக வேண்டுமோ அங்கெல்லாம் இறக்கிவிடும். மனிதன் நடுவில் நிற்கவே வேண்டாம். யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். அதுதான் இவர்களுக்குப் பெருமை.

அதற்கு முன்பு நடுவில் நின்றது நான். ஹாஸ்டல் என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். தொழிற்சாலைக்குப் பின்னால் இரண்டு தெருக்களில் வாடகைக்கு எடுத்த ஆறு வரிசை வீடுகள். தமிழ்நாடு, வங்காளதேசம், நேப்பாள ஆட்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யாருக்குக் காய்ச்சல், யார் ஊருக்குப் போகிறான், யார் திரும்பி வந்தான் என்று ஒரு தாளில் எழுதி, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசல், கிளினிக், ஆபீஸ் என்று சுற்றுவேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதிய தாளைப் பார்த்துப் புவனா சிரிப்பாள். ஆனால் வாயால் கேட்டுக்கொள்வாள். நானும் வாயால் சொல்லுவேன்.

2

செய்தி சுமப்பது எனக்குப் புதிய வேலை அல்ல. அதை யாரும் பெருமையாக நினைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

என் ஊர் பரமக்குடிக்குத் தெற்கே. அங்கே ஊர்த்தெருவில் யாராவது செத்தால் வெளியூர்ச் சொந்தங்களுக்குக் கேதம் சொல்லப் போவது எங்கள் தெரு ஆட்கள். போகிறாயா என்று கேட்க மாட்டார்கள். ஆள் அனுப்பி வாசலில் நின்று கூப்பிடுவார்கள், அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். பஸ் போகும் ஊருக்குப் பஸ்ஸில், மற்றதற்கு நடை. ஒரு தடவை அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் நான் போனேன். ஏழு ஊர். நான்காவது ஊரில் ஒரு அம்மா சோறு தின்று கொண்டிருந்தாள். செத்தது அவளுடைய தம்பி. நான் தெருவில் நின்றபடியே கத்திச் சொல்லிவிட்டேன். அவள் எழுந்த வேகத்தில் அம்மிக்கல்லில் விழுந்து நெற்றி பிளந்தது. அவள் வீட்டு ஆண்கள் என்னை அடித்தார்கள். அடித்து முடித்த பிறகு வழக்கப்படி கொடுக்க வேண்டிய அரிசியை எட்ட நின்று என் துண்டில் எறிந்தார்கள்.

அந்த அரிசியை வழியில் ஒரு கண்மாயில் கொட்டினேன். அடுத்த வாரம் சிவகாசிக்குப் போகும் லாரியில் ஏறினேன். அங்கிருந்து திருப்பூர், பம்பாய், இரண்டு வருஷம் கத்தாரில் சிமெண்டு மூட்டை, கடைசியில் இங்கே. இந்த நாட்டுக்கு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. இங்கே பிறந்த பெண்ணைக் கல்யாணம் செய்து, ஜார்ஜ் டவுனில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் ஏறி அக்கரையில் இருக்கும் தொழிற்சாலைக்குப் போய் வருகிறேன். தீட்டு என்ற சொல் இன்றுவரை எனக்குப் பிடிக்காது. அதைச் சொல்லி என்னை எங்கெங்கே நிறுத்திவைத்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல முடியும். ஏனென்றால் அடுத்ததில் நானே தீட்டுப் பார்த்து ஒரு மனிதனை வீட்டை விட்டு அனுப்பினேன்.

3

தைப்பூசத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. எங்கள் மூன்றாம் எண் வீட்டில் தமிழ்நாட்டு ஆட்கள் பன்னிரண்டு பேர். அதில் ஒன்பது பேர் தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடி எடுக்கவும் பால்குடம் எடுக்கவும் விரதத்தில் இருந்தார்கள். வீட்டுக் கூடத்தில் வேல் வைத்து மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். வார்ப்புக் கூடத்தில் எட்டு மணி நேரம் வெந்துவிட்டு வந்து, குளித்து, ஒருவேளை மட்டும் சாப்பிட்டுத் தரையில் படுத்தார்கள்.

அந்த வீட்டில்தான் செல்லத்துரை. நாற்பது வயதுக்கு மேல், திருச்சுழிப் பக்கம், அதிகம் பேசாத ஆள். ஒரு காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவன் அம்மா செத்துவிட்டதாகப் போன் வந்தது. டிக்கெட் எடுத்து, மதுரையில் இறங்கி, ஊர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் அவன் போகவில்லை. இங்கே பலருக்கும் அப்படித்தான். போனில் முகத்தைக் காட்டினார்கள், பார்த்தான். பிறகு பையில் இரண்டு சட்டையையும் ஒரு கைலியையும் திணித்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, நான் இவங்க கூட இருக்க வேணாம். வேலு வச்சிருக்காங்க. எவனாச்சும் மலை ஏறயில மயங்கி விழுந்தான்னா என் தீட்டுன்னு ஆயிப்போகும். வேற எங்கயாச்சும் படுத்துக்கிறேன். பதினாறு முடிஞ்சதும் வந்துர்றேன்."

யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. யாரும் இரு என்றும் சொல்லவில்லை. ஒன்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீட்டு என்று அவன் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவன் கேட்டது எனக்கும் வசதியாக இருந்தது. ஐந்தாம் எண் வீட்டில் வங்காளதேசத்து ஆட்கள் இருந்தார்கள். அதில் ஒருவன் லீவில் ஊருக்குப் போயிருந்தான், கட்டில் காலி. அங்கே கொண்டுபோய் விட்டேன். ஷிப்டு சூப்பர்வைசர் மூன்று நாள் லீவை வாயால் கொடுத்தார். போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இதுவரை எல்லாம் பழைய முறைதான்.

பிறகு நான் போனை எடுத்து ஹாஸ்டல் மென்பொருளைத் திறந்தேன். எந்த ஆள் எந்தக் கட்டிலில் என்பது அன்றன்றைக்குச் சரியாக இருக்க வேண்டும். அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் எண்ணிப் பார்ப்பார்கள். ஐந்தாம் எண்ணில் இவனைச் சேர்க்கப் பார்த்தேன். லீவில் போனவனின் கட்டில் அவன் பெயரிலேயே இருந்ததால், வீடு நிறைந்துவிட்டது என்று சிவப்பில் காட்டியது. மீதி இருந்தது இரண்டு பொத்தான்கள். ஒன்று உள்ளே, இன்னொன்று வெளியே. மூன்றாம் எண்ணில் ஆள் இல்லாதபோது இருப்பதாகக் காட்டக் கூடாதே என்று வெளியே என்பதைத் தட்டினேன். குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் மலாயில் பொறுமையாக எழுதினேன்: தாயார் மரணம், ஐந்தாம் எண் வீட்டில் இருக்கிறார், பதினாறு நாளில் திரும்புவார்.

நான் செய்த தவறு அவ்வளவுதான். எழுதினால் யாராவது படிப்பார்கள் என்று நினைத்தேன்.

4

நான்காம் நாள் காலை செல்லத்துரை வேலைக்குப் போனான். வாசலில் அட்டையைத் தட்டினான், கதவு திறக்கவில்லை. அட்டையைச் சட்டையில் துடைத்து மறுபடி தட்டினான். காவலுக்கு நின்ற நேப்பாளி திரையைப் பார்த்துவிட்டு, அண்ணனைக் கூட்டிக்கொண்டு வா என்று அவனைத் திருப்பி அனுப்பினான்.

செல்லத்துரையும் நானும் புவனாவிடம் போனோம். புவனா கெட்டவள் அல்ல. சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, படித்து மேலே வந்தவள். அவள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். செல்லத்துரையின் படத்துக்குக் கீழே சிவப்புப் பட்டையில் ஓடிப்போனவர் என்று மலாயில் இருந்தது.

நடந்தது இது. நான் வெளியே என்று தட்டியதை பஸ் மனிதவள மென்பொருளிடம் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறது. வாசல் மென்பொருள், இவன் மூன்று நாளாக அட்டை தட்டவில்லை என்று சொல்லியிருக்கிறது. சூப்பர்வைசர் வாயால் கொடுத்த லீவு எந்த மென்பொருளிலும் இல்லை. ஹாஸ்டலை விட்டுப் போய்விட்டான், வேலைக்கும் வரவில்லை என்றால் ஓடிப்போனவன் என்று ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விதிப்படி இவன் நிலை மாறியது. மாறியதை பஸ் ஏஜெண்டின் மென்பொருளுக்குச் சொல்ல, அங்கிருந்து இமிக்ரேஷனுக்கு, அதாவது குடிநுழைவு அலுவலகத்துக்குப் புகார் போய்விட்டது. இந்தத் தொழிலாளி எங்களிடமிருந்து தப்பிவிட்டான், இனி இவனுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கம்பெனி பெயரில் ஒரு புகார். வழியில் ஒரு மனிதனும் அதைப் பார்க்கவில்லை.

"புவனா, ஆளு உன் முன்னாடிதான் நிக்கிறான்" என்றேன்.

"தெரியுதுண்ணே. சிஸ்டத்துல இல்லயே."

"அப்ப இவன் யாரு?"

 செல்லத்துரை தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாளாக முகம் வழிக்காததால் படத்தில் இருப்பவன் வேறு ஆள் மாதிரி இருந்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"பதினாறாம் நாளு கடற்கரைக்குப் போயி காரியம் செய்யணும்க்கா. ரோட்டுல போலீஸ் நிப்பாட்டுனா என்ன சொல்றது?"

புவனா குனிந்துகொண்டு, எங்கேயும் போக வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்றாள். அவனுக்குப் புரிந்தது. புகார் இருக்கிறவரை அவன் பெர்மிட் செல்லாது. பிடித்தால் தடுப்பு முகாம், அப்புறம் ஊர், அதன் பிறகு இந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது. ஊரில் அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். அன்றிலிருந்து பதினாறாம் நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் இந்தப் புகாரை எடுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஒரு மனிதன் இருக்கிறான் என்று சொல்லும் வேலை.

5

நான் அன்றே மறுபடி உள்ளே என்பதைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் தட்டினேன். அதற்கும் மறுநாள் தட்டினேன். புவனா தன் பக்கத்தில் கையால் சிவப்புப் பட்டையை எடுத்துவிட்டாள். மறுநாள் காலையில் அது திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

என் மகள் தர்ஷினி பாயான் லெப்பாஸில் ஒரு கம்பெனியில் இதே மாதிரி வேலைதான் செய்கிறாள். வேறு கம்பெனி, ஆனால் இதே பஸ் சமாச்சாரம். வீட்டில் அவளைப் பார்ப்பதே அரிது. எங்களோடு தமிழ் பேசுவாள், போனில் ஆங்கிலம் பேசுவாள், கோபம் வந்தால் மலாய் பேசுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டில் இருந்த மீ கோரெங் நூடுல்ஸைக் கிளறியபடி கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. தெரிந்த ஆளைத் தெருவில் பார்த்தது மாதிரியான சிரிப்பு.

அவள் விளக்கினாள். ஆள் எங்கே தங்கியிருக்கிறான் என்ற விஷயத்தில் ஹாஸ்டல் மென்பொருள் சொல்வதே கடைசி உண்மை என்று வைத்திருப்பார்களாம். அதனால் புவனா கையால் மாற்றுவது நிற்காது. நான் உள்ளே என்று தட்டினால் பஸ் அவனைப் புது ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தும். ஏற்கெனவே அதே பாஸ்போர்ட்டில் ஓடிப்போனவன் ஒருவன் இருப்பதால் மனிதவள மென்பொருள் வாங்க மறுக்கும். மறுக்கப்பட்ட செய்தியை பஸ் தூக்கி எறியாது. அதற்கென்று ஒரு பெட்டி உண்டு, அதில் போட்டு வைக்கும்.

"டெட் லெட்டர்னு சொல்லுவோம்பா. உங்க மூணு மெசேஜும் அதுலதான் இருக்கும்."

"அந்தப் பெட்டியை யார் திறப்பாங்க?"

"யாராச்சும் ஒருத்தவங்கள போட்டிருக்கணும். உங்க ஆபீஸ்ல போடல போல."

"நான் எழுதுன குறிப்பு?"

"ரிமார்க்ஸா? அத யாரும் மேப் பண்ணிருக்க மாட்டாங்க லா. வாங்கிக்கிற பக்கம் அதுக்கு இடமே இருக்காது."

தப்பைத் திருத்தும் செய்தி என்று ஒன்று ஏன் இல்லை என்று கேட்டேன். கேட்டால் செய்து கொடுப்பார்கள், உங்கள் கம்பெனி கேட்டிருக்காது என்றாள். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, இது ரொம்ப அபூர்வம், எட்ஜ் கேஸ் என்றாள். ஆயிரத்தில் ஒன்று இப்படி ஓரத்தில் விழுமாம், யாரும் அதை முதலில் யோசிக்க மாட்டார்களாம். பதினாறாம் நாள் காரியம் என்றால் என்ன, அது கட்டாயமா, தள்ளிப் போட முடியாதா என்றும் கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இருபத்து நான்கு வருஷத்தில் நான் அவளுக்கு அதை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல விரும்பாமல்தான் சொல்லவில்லை. எந்தத் தெருவில் பிறந்தேன் என்பதில் தொடங்கி நிறைய சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் அவள் ஒரு நல்ல காரியம் செய்தாள். சாப்பிட்டு முடித்ததும் என் பெயரில் ஒரு மின்னஞ்சல் எழுதிக் கொடுத்தாள். எனக்கு வராத ஆங்கிலம். அதைப் புவனாவுக்கும், பஸ்ஸைப் போட்டுக் கொடுத்த வெண்டருக்கும் அனுப்பினோம். அதைப் படித்த பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறந்தார்கள். என் மூன்று செய்திகளுக்கும் கீழே இன்னும் பல பேருடைய செய்திகள் கிடந்தன என்று புவனா பிறகு சொன்னாள். காய்ச்சல் வந்தவன், கை நசுங்கியவன், வீடு மாறியவன். எதுவும் தொலையவில்லை. அவள் மைக்கில் சொன்னது உண்மைதான்.

6

புவனாவும் நானும் குடிநுழைவு அலுவலகத்தில் எண் எடுத்து ஒரு காலை முழுவதும் உட்கார்ந்திருந்தோம். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மா மரியாதையாகப் பேசினாள். கம்பெனிதான் புகார் கொடுத்தது, கம்பெனியே காரணம் எழுதித் திரும்பப் பெற வேண்டும், கொடுத்த வழியிலேயே வர வேண்டும் என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் கொடுத்த பொய்யை அவள் நம்பியிருக்கிறாள், அவ்வளவுதான்.

காரணம் எழுதுவதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து வெண்டர் ஆள் வந்தான். முப்பது வயதிருக்கும், தமிழ்ப் பையன்தான், தேய்த்த சட்டை. பஸ் தனக்குச் சொன்னதைச் சொன்ன இடத்தில் சேர்த்திருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினான். அம்புக்குறிகள் எல்லாம் பச்சையாக இருந்தன. சிஸ்டம் தவறு என்று எழுதினால் முழு விசாரணை வைக்க வேண்டும், இரண்டு மாதம் ஆகும். பயன்படுத்தியவர் தவறு என்றால் அன்றே மூடிவிடலாம். இதைச் சொல்லிவிட்டு எல்லோரும் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்கள்.

"அண்ணே, ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்றான் அவன்.

"தம்பி, உன் அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நல்லா இருக்கட்டும். அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எந்தப் பொத்தானைத் தட்டுவ?"

அவனுக்குக் காது சிவந்தது. புவனா என் முழங்கையைத் தொட்டாள். தாளை இழுத்தேன். அவள் மலாயில் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். நான், ஹாஸ்டல் பொறுப்பாளர், கவனக்குறைவால் தவறான பதிவைச் செய்தேன். கவனக்குறைவு என்ற சொல்லுக்கு மலாய் எழுத்து தெரியாமல் நின்றேன், அவள் சொல்லிக் கொடுத்தாள். கீழே கையெழுத்துப் போட்டேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் வந்தது. அதை மகளிடம் காட்டவில்லை.

கடிதம் ஏஜெண்டிடம் போய், அங்கிருந்து மேலே போய், திரும்பி வருவதற்குள் பதினாறாம் நாள் வந்துவிட்டது.

அன்று காலை ஃபெரி துறைக்குப் பக்கத்துப் படிக்கட்டில் இறங்கி ஐந்து லிட்டர் பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்தேன். டீசல் வாடை அடித்தது. மோட்டார் சைக்கிளில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு போனேன். ஐயர் வரவில்லை. போலீஸ் தேடும் ஆள் வீட்டுக்கு வர அவருக்குப் பயம். ஐந்தாம் எண் வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் சிமெண்டுத் தரையில் செல்லத்துரை ஈர வேட்டியோடு உட்கார்ந்தான். ஊரிலிருந்து அவன் அண்ணன் போனில் சொல்லச் சொல்லச் செய்தான். பச்சரிசிச் சோறும் எள்ளும் பிசைந்து உருட்டியதைக் கரைக்கக் கடல் இல்லை. நீல நிற பிளாஸ்டிக் பேசினில் நான் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி அதில் கரைத்தான். பிறகு அந்த பேசினைத் தூக்கிக்கொண்டு எங்கே ஊற்றுவது என்று சுற்றிப் பார்த்தான். பின்பக்கம் சாக்கடை ஒன்றுதான் இருந்தது. மற்ற வீடுகளின் சோப்பு நுரை அதில் போய்க்கொண்டிருந்தது.

அந்த வீட்டு வங்காளதேசத்து ஆட்கள் கதவருகே நின்றுகொண்டிருந்தார்கள். பதினாறு நாளும் அவனுக்கு அவர்கள்தான் சமைத்தார்கள். மீன் வேண்டாம் என்று முதல் நாள் சொன்னதும், ஏன் என்று கேட்காமல் பருப்பு மட்டும் தனியாக வைத்தார்கள். அவர்களில் ஒருவன் உள்ளே போய் வாளி கொண்டுவந்து, சாக்கடையில் சுத்தமான தண்ணீரை ஊற்றி நுரையைத் தள்ளிவிட்டான். அதன் பிறகு செல்லத்துரை ஊற்றினான். கரையாமல் இருந்த சோறு சீக்கிரம் போகவில்லை. வளைவில் தேங்கி நின்றது. அவன் அது போகிறவரைக்கும் நின்றான்.

மறுநாள் மதியம் புகார் நீங்கியது. வாசலில் அட்டை தட்டினான், திறந்தது. நேப்பாளி அவன் தோளில் தட்டினான். இது ஒருநாள் முன்னால் நடந்திருக்கலாம் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த ஒன்பது பேரும் மலை ஏறி இறங்கினார்கள். யாரும் மயங்கி விழவில்லை.

7

மென்பொருளில் இப்போது திருத்தம் செய்திருக்கிறார்கள். உள்ளே, வெளியே என்பதோடு தற்காலிகம் என்று மூன்றாவது பொத்தான் வந்துவிட்டது. அதைத் தட்டினால் காரணம் கேட்கும். பட்டியலில் மரணமும் உண்டு. எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். தர்ஷினி அதைப் போனில் படம் எடுத்துத் தன் தோழிகளுக்கு அனுப்பினாள்.

இதுவரை ஒருவருக்கும் நான் அந்தப் பொத்தானைத் தட்டவில்லை. தட்ட வேண்டி வரவில்லை என்று ஆபீஸில் நினைக்கிறார்கள்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்றாம் எண் வீட்டுக்குப் போனேன். குமரேசன் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் கூரைக்கடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அருப்புக்கோட்டை ஆள், செல்லத்துரையின் அடுத்த கட்டில். கையில் போன், வாய்க்குள் துண்டின் நுனியைக் கடித்திருந்தான். சத்தம் வெளியே வராமல் உடம்பு மட்டும் ஆடியது. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லண்ணே. காய்ச்சல்."

"யாருக்கு?"

அவன் என் கையில் இருந்த போனைப் பார்த்தான். ஹாஸ்டல் மென்பொருள் திறந்தே இருந்தது. அன்றைய கணக்கெடுப்புக்காகத் திறந்து வைத்திருந்தேன்.

"எனக்குத்தாண்ணே. மாத்திர போட்டா சரியாயிரும்."

அவன் அப்பா சாகக் கிடக்கிறார் என்பது முந்தின வாரமே எனக்குத் தெரியும். அவனும் எனக்குத் தெரியும் என்று அறிவான். உள்ளே செல்லத்துரை உட்பட எல்லோரும் இருந்தார்கள். டிவியைப் போட்டுச் சத்தத்தை ஏற்றி வைத்திருந்தார்கள், ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆடி வெள்ளிக்குக் கூடத்தில் அம்மன் படம் வைத்து முறை போட்டு விளக்கேற்றுவார்கள். சுவரில் ஒட்டியிருந்த முறைப்படி அன்று குமரேசன். செத்த வீட்டுக்காரன் விளக்கைத் தொடக் கூடாது. தொடாமல் விட்டால் ஏன் என்று கேள்வி வரும், நான் அந்தப் பொத்தானைத் தட்ட வேண்டி வரும். வேறு ஒருவன் எழுந்திருப்பான் என்று பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை.

குமரேசன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். திருநீறு பூசினான். தீப்பெட்டியை எடுத்து, இரண்டு குச்சி அணைந்து, மூன்றாவதில் திரியைப் பற்றவைத்தான். பன்னிரண்டு பேரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். பிறகு வாசலுக்கு வந்து எண்ணிக்கையைப் போட்டேன். மூன்றாம் எண் வீட்டில் பன்னிரண்டு பேர், அனைவரும் உள்ளே.